குரங்கு டாக்டராக ஆசையா? முதலில் எச்சம் பொறுக்கப் பழகுங்கள்

ஆனைமலைப் பக்கம் முதல்முறை வேலையாகப் போனபோது என் பையில் மயக்க ஊசியை ஊதிச் செலுத்தும் ஊதுகுழல், மயக்க மருந்து, நாலு அளவு ஊசி, கையுறை என்று எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அழைத்துப் போன மூத்த மருத்துவர் பையைத் திறந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவையும் ஐஸ்கிரீம் குச்சியையும் என் கையில் கொடுத்து, "அந்தப் பலா மரத்தடியில நில்லுங்க தம்பி. மேலேருந்து விழறதை எடுத்து இதுல போடுங்க" என்றார். மூன்று நாள் அதுதான் வேலை. மேலிருந்து விழுந்தது சிங்கவால் குரங்கின் எச்சம். ஊதுகுழல் பையிலேயே கிடந்து வீட்டுக்கு வந்தது.

"குரங்குகளைக் காப்பாற்றுகிற கால்நடை மருத்துவர் ஆவது எப்படி?" என்று பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளும், கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் குழம்பி நிற்பவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலங்கைத் தொடுவது இந்த வேலையில் மிகக் கடைசியாக வரும் காரியம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை ஏராளம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. நோயாளி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊர் மருந்தகத்தில் மேசைமேல் ஒரு நாய் வரும், அதுதான் நோயாளி. காட்டில் ஒரு கூட்டமே நோயாளி. சில சமயம் பக்கத்து எஸ்டேட்டின் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இருக்கும் மனிதர்களும் மாடுகளும் சேர்ந்து நோயாளி.

இதற்கு நான் எப்போதும் சொல்வது உகாண்டாவின் கதை. 1996-ல் அந்த நாட்டின் தேசியப் பூங்காக்களுக்கு முதல் காட்டுயிர் மருத்துவராகச் சேர்ந்தவர் கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகா. லண்டனில் படித்துவிட்டுத் திரும்பிய இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். சேர்ந்த ஆண்டிலேயே பிவிண்டி காட்டின் மலைக் கொரில்லாக்களுக்கு முடி உதிர்ந்து, தோல் வெடித்து, ஓயாமல் சொறிகிற நோய் வந்தது. அவர் மனித டாக்டரான நண்பர் ஒருவரிடம், "இந்தப் பகுதி மக்களுக்கு அதிகமாக வரும் தோல் நோய் எது?" என்று கேட்டார். பதில்: சொறி சிரங்கு. கொரில்லாக்களுக்கும் அதுதான். ஒரு குட்டி இறந்தது. மற்றவற்றை ஐவர்மெக்டின் மருந்து காப்பாற்றியது. அவை தோட்டங்களில் மேய வரும்போது, சோளக்கொல்லை பொம்மைக்கு மாட்டிய பழந்துணி வழியே கிருமி தொற்றியிருக்க வேண்டும் என்று கணித்தார்கள்.

மருந்து போட்டதோடு அவர் நிற்கவில்லை. ஊர்க்காரர்களுக்குச் சிரங்கு இருக்கும்வரை கொரில்லாவுக்கும் அது வந்துகொண்டேதான் இருக்கும் அல்லவா? 2003-ல் 'கன்சர்வேஷன் த்ரூ பப்ளிக் ஹெல்த்' என்ற அமைப்பைத் தொடங்கி, காட்டை ஒட்டிய கிராமங்களின் சுகாதாரத்தையும் கொரில்லாக்களின் சுகாதாரத்தையும் ஒரே வேலையாகப் பார்க்க ஆரம்பித்தார். ஆயிரத்துச் சொச்சம்தான் உலகத்தில் மிஞ்சியிருக்கும் விலங்கு அது. 2018-ல் வந்த கணக்கு ஆயிரத்தைத் தாண்டியதற்கே அத்தனை கொண்டாட்டம்.

நம் ஊரில் கொரில்லா இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்து வகை உண்டு: நாட்டுக்குரங்கு, சிங்கவால் குரங்கு, கருமந்தி, சாம்பல் மந்தி, தேவாங்கு. இந்த ஐந்துக்கும் பிரச்சினை ஐந்து விதம். சிங்கவால் குரங்குக்குக் காடு துண்டு துண்டாகிப்போனது. கருமந்தியை ஒரு காலத்தில் கருங்குரங்கு லேகியத்துக்காகவே சுட்டுத் தீர்த்தார்கள். தேவாங்கைச் செய்வினை, குறி என்று பிடித்துப் போனார்கள். இன்று அதற்கென்றே திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 2022-ல் அறிவிக்கப்பட்ட கடவூர் சரணாலயம் இருக்கிறது, 11,806 ஹெக்டேர். நாட்டுக்குரங்குக்கு நம் கையிலிருக்கும் பிஸ்கட்தான் பிரச்சினை. எதற்கு மருத்துவம் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் படிக்க வேண்டியதும் மாறும்.

2. பட்டம்

இதில் குறுக்கு வழி கிடையாது. பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.எச். என்ற கால்நடை மருத்துவப் பட்டம் வேண்டும், நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப், ஆக ஐந்தரை ஆண்டு. முடித்ததும் மாநில கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்யாமல் ஊசியைத் தொடக்கூடாது.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் மதிப்பெண் கேட்பதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு நடத்துகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். 1903-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரி இப்போது வேப்பேரியில் இருக்கிறது. அதோடு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, வீரபாண்டி என்று ஏழு இடங்களில் கல்லூரி உண்டு. எந்தக் கல்லூரி என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். குரங்குக்கென்று பாடம் எங்கேயும் இல்லை. ஐந்தரை ஆண்டும் மாடு, ஆடு, கோழி, நாய்தான்.

சேர்ந்த பிறகு "எனக்குக் காட்டுயிர்தான், மாட்டு வார்டு எதற்கு?" என்று ஒதுங்குகிறவர்கள் பின்னால் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். கருமந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இலை தின்கிற விலங்கு. அதன் வயிறு பல அறையாக உப்பி, நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைக்கும் இடமாக வேலை செய்கிறது. பாதி மாட்டு வயிறு என்றே வைத்துக்கொள்ளலாம். வாழைப்பழமும் ரொட்டியும் கொடுத்தால் உப்புசம் வரும், வயிறு புளிக்கும். வாய்வழியே கண்டபடி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அந்த நுண்ணுயிரெல்லாம் செத்து, நோயை விட்டுவிட்டு மந்தி போய்விடும். மாட்டின் வயிற்றைச் சரியாகப் படித்தவனுக்கு இது சொல்லாமலே விளங்கும். மாறாக, சிங்கவால் குரங்குக்கும் நாட்டுக்குரங்குக்கும் கன்னத்தில் பை, சாதாரண வயிறு. இரண்டையும் 'குரங்கு' என்று ஒரே கட்டில் கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

கல்லூரியில் இரண்டு துறையோடு ஒட்டிக்கொள்ளுங்கள்: ஒட்டுண்ணியியல், நோய்க்குறியியல். முதலாவது எச்சத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும், இரண்டாவது பிணத்தை. இந்த இரண்டும் கை வந்தால் காட்டில் உங்களுக்கு எப்போதும் வேலை உண்டு. அறுவை சிகிச்சை மேசையிலும் நிறைய நேரம் நில்லுங்கள், முக்கியமாகத் தையலுக்கு. குரங்குப் புண் ஆறாது என்று நம் பாட்டிகள் சொல்வது சும்மா இல்லை; நோண்டி நோண்டிப் பார்க்கும், பக்கத்தில் இருப்பதும் வந்து நோண்டும். அதனால் கரையும் நூலில், முடிச்சு வெளியே தெரியாமல் தோலுக்கு அடியிலேயே ஓடும் தையல் போட வேண்டும். கட்டுப் போட்டால் அது பத்து நிமிடம் தாங்காது. ஆனால் பாட்டி சொல்லாத இன்னொன்றும் உண்டு: காட்டுக் குரங்கின் சண்டைக் காயம், நாம் கை வைக்காமல் விட்டால், ஆச்சரியப்படும்படி தானாகவே ஆறும். எந்தப் புண்ணைத் தைப்பது, எதை விடுவது என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

3. சும்மா உட்கார்ந்து பாருங்கள்

இதற்குப் பணமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். இன்றைக்கே தொடங்கலாம். உங்கள் ஊர்க் கோயிலிலோ மலையடிவாரத்திலோ நாட்டுக்குரங்குக் கூட்டம் இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கடிகாரம், முடிந்தால் பைனாகுலர். உணவு எதுவும் கையில் வேண்டாம்.

முதல் வாரம் வயதையும் பாலையும் பிரிக்கப் பழகுங்கள். கடுவன், மந்தி என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் நம் மொழியிலேயே தனிச்சொல் இருக்கிறது, பயன்படுத்துங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் அடையாளம் காணுங்கள்: கிழிந்த காது, வளைந்த விரல், வால் நுனி இல்லாதது. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எது என்ன செய்கிறது என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து உங்களுக்கே தெரியும், எது இன்று சரியில்லை என்று. கூட்டம் நகரும்போது பின்தங்குகிறது, தலையைத் தொங்கவிட்டுக் குந்தியிருக்கிறது, மற்றது பேன் பார்க்க வந்தாலும் திரும்புவதில்லை. காட்டுக் குரங்கு தன் நோயை மறைக்கும். இயல்பு எது என்று தெரிந்த கண்ணுக்கு மட்டுமே நோய் தெரியும். காய்ச்சல் பார்க்கும் கருவி எதுவும் நூறடி உயரத்து மரத்துக்கு எட்டாது.

தாய் செத்த குட்டியை நாள்கணக்கில் தூக்கித் திரிவதையும் ஒருநாள் பார்ப்பீர்கள். உடற்கூறாய்வுக்கு அந்தக் குட்டி வேண்டும்தான். பிடுங்கப் போகாதீர்கள். அதுவே கீழே வைக்கும்வரை பின்னால் நடக்க வேண்டும். அதற்குள் அழுகிவிட்டால், அழுகிவிட்டது, அவ்வளவுதான்.

சிங்கவால் குரங்கைப் பார்க்க வேண்டுமானால் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால், ஊரை ஒட்டியே புதுத்தோட்டம் என்ற காட்டுத் துண்டு. நூறு ஹெக்டேருக்கும் குறைவான இடத்தில் நூற்றுக்கு மேல் குரங்குகள். மரத்தைவிட்டு இறங்காத விலங்கு என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இங்கே அது சாலையைக் கடக்கும், கூரையில் ஓடும், சமையலறைக்குள் வரும். வண்டி மோதிச் சாவது இதனால்தான். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆட்கள் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியதும் சாலையோரம் ஆள் நிறுத்தியதும் இதற்குத்தான். ஒரு மருத்துவர் ஆயுள் முழுக்கத் தைத்தாலும் காப்பாற்ற முடியாத எண்ணிக்கையை ஒரு தொங்குபாலம் காப்பாற்றும். சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

4. எச்சம்

சரி, டப்பாவும் குச்சியும். ஒரு துளி எச்சத்தில் புழு முட்டை, கிருமி, குரங்கின் மரபணு, மன அழுத்த ஹார்மோன், நேற்றைய சாப்பாடு எல்லாம் இருக்கிறது. விலங்கைத் தொடாமல் இத்தனையும் கிடைக்கும்போது மயக்க ஊசி எதற்கு?

எந்தக் குரங்கு போட்டது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எடுங்கள். மண்ணில் பட்ட அடிப்பக்கத்தை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணில் வாழும் புழுவையும் குரங்கின் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். புழு முட்டைக்கு 10 சதவீத ஃபார்மலின். மரபணுவுக்கு எத்தனால், ஃபார்மலினில் போட்டால் மரபணு பாழ். ஆகவே ஒரே எச்சத்தை இரண்டு டப்பாவில் பிரிக்க வேண்டும். டப்பாவின் மேல் பென்சிலால் எழுதிய சீட்டு. பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும். நான் ஒருமுறை பேனாவில் எழுதி, ஒரு வாரத்து உழைப்பையும் பெயரில்லாத முப்பது டப்பாவாக்கி எடுத்து வந்தேன்.

ஆய்வகத்தில் மிதவை முறை, படிவு முறை இரண்டையும் உங்கள் கையாலேயே செய்யுங்கள். சாட்டைப்புழு, முடிச்சுப்புழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ஆகியவற்றின் முட்டைகள் கண்ணுக்குப் பழகட்டும். ஆனைமலைச் சிங்கவால் குரங்குகளில் மனிதக் குடியிருப்பை ஒட்டிய துண்டுக் காடுகளில் வாழ்பவற்றிடம் ஒட்டுண்ணி அதிகம் என்று ஆய்வு இருக்கிறது. மறுபடியும் உகாண்டா கதைதான்: எஸ்டேட்டில் கழிப்பறை இருக்கிறதா என்பதும் குரங்கு மருத்துவத்தில் ஒரு கேள்வி.

5. செத்த குரங்கு

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்தாகச் செத்தன. கூடவே ஊர் மக்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். உண்ணி கடித்துப் பரவும் வைரஸ் அது. குரங்குக் காய்ச்சல் என்று பெயர் வந்துவிட்டது, பாவம் குரங்கு. உண்மையில் குரங்குதான் முதல் பலி. சாம்பல் மந்திகளும் நாட்டுக்குரங்குகளும் அதில் சாகின்றன. செத்த உடலைவிட்டு இறங்கும் உண்ணிகள் அந்த இடத்தையே நோய்க்களமாக்குகின்றன. 2012-க்குப் பிறகு பந்திப்பூர், வயநாடு என்று நம் எல்லையோரம்வரை வந்திருக்கிறது. டிசம்பர் முதல் மே வரை உச்சம்.

ஆகவே, மேற்குத் தொடர்ச்சி மலையில் செத்த குரங்கு கிடந்தால் அருகில் போய்ப் புரட்டக்கூடாது. தூரத்தில் நின்று இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் உடனே சொல்ல வேண்டும். முறையான உடுப்பு, முகக்கவசம், உண்ணி விரட்டி, பயிற்சி பெற்ற குழு இருந்தால்தான் உடலைத் திறக்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தில் உண்ணிக்கொல்லி தூவ வேண்டும், உடலை எரிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆர்வத்தில் வெறுங்கையால் ஒரு நாட்டுக்குரங்கைப் புரட்டிவிட்டு, இரண்டு வாரம் தெர்மாமீட்டரோடு தூங்கியதை அறிவேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாதது அவர் அதிர்ஷ்டம்.

மின்சாரம் தாக்கியதா, வண்டி மோதியதா, விஷமா, நோயா என்பதை உடற்கூறாய்வுதான் சொல்லும். சாலையோரம் கிடக்கிறது என்பதாலேயே வண்டி மோதியது என்று எழுதிவிடாதீர்கள். காய்ச்சலில் தள்ளாடி வந்து அடிபட்டிருக்கலாம். திசுத் துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால் ஃபார்மலின் உள்ளே இறங்காது, நடுவில் அழுகும். ஒரு பங்கு திசுவுக்குப் பத்துப் பங்கு ஃபார்மலின். படம் எடுங்கள், அளவுகோல் வைத்து எடுங்கள்.

6. உங்கள் உடம்பு

குரங்கும் நாமும் நெருங்கிய சொந்தம். அதன் நோய் நமக்கு வரும், நம்முடையது அதற்குப் போகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போடுங்கள். 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி பாக்கி வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை காசநோய்ப் பரிசோதனை. சிங்கவால், நாட்டுக்குரங்கு போன்ற மெக்காக் வகைகளுக்குக் காசநோய் பிடித்தால் கூண்டோடு போகும். உயிரியல் பூங்காவில் இதற்குத்தான் மேல் இமையில் டியூபர்குலின் ஊசி போட்டு 24, 48, 72 மணி நேரத்தில் இமை வீங்குகிறதா என்று பார்க்கிறோம். கூண்டைத் திறக்காமலே பார்க்கலாம் என்பதால்தான் இமை.

மெக்காக் கடித்தாலோ கீறினாலோ, எச்சில் கண்ணில் பட்டாலோ, குரங்கு பி வைரஸை நினைவில் வையுங்கள். அரிது, ஆனால் மருந்து கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. காயத்தைச் சோப்புப் போட்டுக் கடிகாரம் பார்த்துப் 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சோப்பு வேண்டாம், அதே 15 நிமிடம் வெறும் தண்ணீர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு, மருத்துவமனையில்.

உங்களுக்குச் சளி பிடித்திருந்தால் அன்று காட்டுக்குப் போக வேண்டாம். மலைக் கொரில்லாக்களில் மனிதச் சுவாச வைரஸ் நுழைந்து உயிர் போயிருக்கிறது. விடுப்பு கேட்கத் தயங்குகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

7. இப்போது மயக்க ஊசி

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், ஏழாவதாக வருகிறது. உயிரியல் பூங்காவில், கூண்டுக்குள், அனுபவசாலி பக்கத்தில் நிற்கும்போது மட்டுமே பழகுங்கள்.

நாலைந்து கிலோ உடம்புக்குத் துப்பாக்கி வேகம் அதிகம். எலும்பு முறியும், குடல் கிழியும். ஊதுகுழல்தான் பெரும்பாலும். எட்டுவதோ சில மீட்டர். ஊசி பட்டவுடன் குரங்கு அதைப் பிடுங்கி எறியும், சில சமயம் நம்மைப் பார்த்தே எறியும். மருந்து ஏறியதா இல்லையா என்பது அடுத்த ஐந்து நிமிடம் தெரியாது. அதற்குள் அது மரத்தில். மயங்கினால் விழும். ஆகவே ஆள் எண்ணிக்கை முக்கியம்: வலை பிடிக்க நாலு பேர், கூட்டத்தை விலக்க இரண்டு பேர், ஒருவர் கண்ணை எடுக்காமல் அதையே பார்க்க.

கூண்டுக்கு வெளியே முதல்முறை மயக்க ஊசி போட்டபோது நான் இதைச் சரியாகக் கணக்குப் போடவில்லை. கழுத்தில் கம்பி இறுகிய மந்தி ஒன்று. தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்ததை ஊதினேன், பட்டது. அது தொட்டியிலிருந்து புளியமரத்துக்குத் தாவி, கவட்டையில் படுத்துத் தூங்கிவிட்டது. கீழே வலையோடு நான்கு பேர், மேலே ஏற ஆள் இல்லை. மரம் ஏறத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் ஏறுவதற்குள் அது விழித்து, அவரை முறைத்துவிட்டு இறங்கிப் போனது. கம்பியை எடுக்க இன்னும் ஒன்பது நாள் ஆனது. அன்றிலிருந்து மரம் ஏறுகிறவர் வராமல் நான் ஊதுகுழலைத் திறப்பதில்லை.

மயக்கத்துக்குப் போடும் கெட்டமைன், ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. தனி உரிமம் உள்ள இடத்தில் இரட்டைச் சீட்டு எழுதித்தான் வாங்க முடியும், ஒவ்வொரு மில்லிக்கும் கணக்கு எழுத வேண்டும். மயங்கிய குரங்கின் கண் மூடாது, அதனால் களிம்பு போட்டுத் துணியால் மறையுங்கள். உடல் சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், வெயிலில் ஏறும், மலைக் குளிரில் இறங்கும். முழுதாகத் தெளியும்வரை விடாதீர்கள். தள்ளாடிக்கொண்டு கூட்டத்துக்குள் போனால் மற்றவை கடித்துக் குதறும்.

8. அனுமதி

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் 'வேட்டை'தான், நல்ல எண்ணத்தோடு பிடித்தாலும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது. ஆராய்ச்சி என்றால் 12-ஆம் பிரிவு. சிங்கவால் குரங்கு முதல் அட்டவணையில் இருப்பதால் மத்திய அரசும் சம்மதிக்க வேண்டும். எச்சம் பொறுக்கவே காட்டுக்குள் அனுமதி வேண்டும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவது இன்னும் பெரிய கதை. அதற்கான தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது என்பது ஒன்றுதான் நமக்கு ஆறுதல். மாதக்கணக்கில் ஆகும். கோப்பு நகரும் காலத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

ரேஞ்சர், வனக்காப்பாளர், வேட்டைத் தடுப்புக் காவலர் ஆகியோரோடு பழகுங்கள். குறிப்பாகக் காவலர்கள், பெரும்பாலும் காடர், முதுவர், இருளர் போன்ற பழங்குடி வீட்டுப் பிள்ளைகள். எந்த மரம் எப்போது பழுக்கும், கூட்டம் நாளை எங்கே இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களை 'ஏய்' என்று கூப்பிடும் டாக்டருக்குக் குரங்கு கண்ணில் படாது.

9. மேற்படிப்பு: இரண்டு தடம்

எம்.வி.எஸ்சி., அதாவது கால்நடை மருத்துவ முதுநிலைப் பட்டம், என்றால் மருத்துவராகவே ஆழப் போகிறீர்கள். சென்னைக் கல்லூரியில் காட்டுயிர் அறிவியல் துறை இருக்கிறது, கேரளத்தில் பூக்கோடு கால்நடைக் கல்லூரி, வடக்கே பரேலியில் ஐ.வி.ஆர்.ஐ. என்ற இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். உயிரியல் பூங்கா, வனத்துறை வேலை வேண்டுமானால் இது. இன்னொன்று, மருத்துவப் பட்டத்துக்கு மேல் எம்.எஸ்சி. காட்டுயிர் உயிரியல்: டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் அறிவியல் மையம். இங்கே எண்ணிக்கை எடுப்பது, புள்ளியியல், சூழலியல் கற்பீர்கள். கோவை ஆனைக்கட்டியில் சாலிம் அலி மையமும், மைசூர் பல்கலைக்கழகமும் தென்னிந்தியக் குரங்குகளை நீண்டகாலமாக ஆராய்ந்த இடங்கள். ஐதராபாத்தின் லக்கோன்ஸ் ஆய்வகம், மரபணுவுக்கும் ஹார்மோனுக்கும்.

என்னைக் கேட்டால், குரங்குப் பாதுகாப்புதான் குறி என்றால் இரண்டாவது. ஊசி போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் பத்து செத்தால் அது ஆபத்தா, வழக்கமா என்று கணக்குப் போடத் தெரிந்த மருத்துவர்கள் குறைவு. என் நண்பர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள்.

10. சோறு

நேர்மையாகச் சொன்னால், 'குரங்கு மருத்துவர்' என்று ஒரு பணியிடம் தமிழ்நாட்டில் விளம்பரம் ஆவதில்லை. பாதுகாப்பான வழி, டி.என்.பி.எஸ்.சி. எழுதிக் கால்நடை உதவி மருத்துவராகச் சேர்ந்து, பின்னர் அயல்பணியில் வனத்துறைக்குப் போவது. புலிகள் காப்பகங்களின் வன மருத்துவர்கள் அப்படி வந்தவர்களே. யானை, புலி, சிறுத்தை எல்லாம் உங்கள் தலையில் விழும், குரங்கு நடுவில் வரும். உயிரியல் பூங்கா இன்னொரு வழி. வண்டலூர் பூங்கா சிங்கவால் குரங்கு இனப்பெருக்கத்தை முன்னின்று நடத்துகிறது. ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்தால், மத்திய அரசு 2023-ல் திருத்திய விகிதப்படி ஜூனியர் ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். பணம் சில சமயம் ஆறு மாதம் தாமதமாக வரும். தொண்டு நிறுவனங்களில் ஒப்பந்தம், ஓராண்டு, ஈராண்டு. இடையில் ஊரில் நாய், பூனை பார்த்துச் சம்பாதித்தவர்கள்தான் என்னையும் சேர்த்து அதிகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கையும் பழக்கத்தில் இருக்கும்.

வெளிநாட்டில் லண்டனில் ராயல் கால்நடைக் கல்லூரியும் விலங்கியல் சங்கமும் சேர்ந்து நடத்தும் காட்டுயிர் உடல்நலப் படிப்பு பெயர் பெற்றது. செலவு கண்ணைக் கட்டும், உதவித்தொகை கிடைத்தால் மட்டும். ஆப்பிரிக்காவிலும் இந்தோனேசியாவிலும் இப்போது அந்தந்த நாட்டு மருத்துவர்களே முன்னணியில் இருக்கிறார்கள், அதுதான் முறையும். நாமும் அசாமின் ஹூலக் கிப்பனை விட்டுவிட்டுக் கொரில்லாவுக்கு ஏங்க வேண்டியதில்லை. இந்தியாவின் வாலில்லாக் குரங்கு அது, ஜோர்ஹாட் அருகே அதன் ஹொல்லோங்கபார் சரணாலயத்தைப் பிளந்துகொண்டு ரயில் பாதை ஓடுகிறது. காசு கட்டினால் குரங்குக் குட்டிக்குப் பால் புட்டி கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்யும் 'மறுவாழ்வு மையங்கள்' பக்கம் போகாதீர்கள். குட்டியைத் தோளில் போட்டு எடுத்த படத்தையும் எங்கும் போட வேண்டாம். பார்ப்பவர்களில் பத்துப் பேருக்கு அதை வளர்க்க ஆசை வரும் என்பதால், ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் குரங்கின நிபுணர் குழுவே 2021-ல் இதற்கெனத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது.

11. முதல் கடிதம்

பயிற்சி கேட்டு எழுதும்போது "சிறு வயதிலிருந்தே விலங்குகள் என்றால் உயிர்" என்று தொடங்காதீர்கள். எங்களுக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி அப்படித்தான் தொடங்குகின்றன. எச்சத்தில் முட்டை எண்ணத் தெரியுமா, எத்தனை உடற்கூறாய்வில் நின்றிருக்கிறீர்கள், கோயில் குரங்குகளை எத்தனை மணி நேரம் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், எந்த மாதம் எத்தனை நாள் வரமுடியும், தடுப்பூசி போட்டாயிற்றா. இவ்வளவும் எட்டு வரியில் அடங்கும். அந்த நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து இணைத்துவிட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

வரச் சொன்னால், மழைக்காலமாக இருந்தால் அட்டைக்குத் தனியாக முழங்கால்வரை காலுறை இரண்டு ஜோடி எடுத்து வாருங்கள். ஒரு ஜோடி எப்போதும் காயாது. டப்பாவும் குச்சியும் நாங்கள் தருகிறோம்.